பூட்டிய வளவு: விடுதியா, கச்சேரிக் கூடமா?

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் ஐயா கட்டிய வீடு வருஷத்தில் பத்து நாள்தான் திறந்திருக்கிறது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள் கூடுவோம், அப்புறம் பூட்டு. இந்த முறை கூடியபோது மூன்று யோசனைகள் வந்தன.

பிரித்து விற்பது பற்றிப் பேச அதிகமில்லை. பர்மா தேக்குத் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போகும், பணம் பங்கு பங்காகப் பிரியும். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கொடுப்பினை எத்தனை வீட்டுக்கு வாய்க்கும்?

அடுத்தது விடுதி. கானாடுகாத்தான் விசாலமும் கடியாபட்டி சிதம்பர விலாசும் விடுதியானதால்தான் இன்று விளக்கெரிய நிற்கின்றன. மாதாமாதம் வரும் காசு பெரிய விஷயம். ஒரு மழைக்காலம் ஓடு விலகிக் கிடந்தால் கைமரம் உளுத்துவிடும். ஆனால் விடுதி என்றால் அறைக்கு ஒரு குளியலறை வேண்டும். நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளியும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும், சாமான் வைத்துப் பூட்டிக்கொள்ளக் கட்டியவை, தண்ணீர் புழங்க அல்ல. சுண்ணாம்புச் சுவருக்குள் குழாய் போய் ஈரம் ஏறினால், முட்டை ஓடு போல வழுவழுக்கும் பூச்சு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியே இல்லை. விடுதியாக மாற்றிய ஒரு வீட்டில் விரலை வைத்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு கையோடு வந்தது. மனசே ஆறவில்லை. சரி, படைப்பு நாளில் தங்கியிருக்கும் விருந்தாளியை எங்கே அனுப்புவது?

மூன்றாவது யோசனை என்னுடையது. ஆம்ஸ்டர்டாமில் 19ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று 1968 முதல் பாரடைசோ என்ற இசையரங்கமாக நடக்கிறது. மேடைக்குப் பின்னால் பழைய ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன, மேல்மாடங்களில் நின்று பாட்டுக் கேட்கிறார்கள். கூட்டம் கூடக் கட்டிய இடத்தில் கூட்டமே கூடுகிறது. நம் முகப்பும் வளவும் பந்திக்கட்டும் கல்யாணக் கூட்டத்துக்குப் போட்டவைதானே? ஒரு சுவரையும் தொட வேண்டாம். பின்கட்டுக்கு வெளியே கழிப்பறை கட்டினால் போதும்.

ஒரு வித்தியாசம் உண்டு. பாரடைசோ நாலு பக்கமும் மூடிய ஒரே பெரிய கூடம். ஸ்பீக்கர் வைத்துப் பாடலாம். நம்முடையது திறந்த முற்றம், சலவைக்கல் தரை. பெரிய ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதும். மைக் இல்லாத வீணை, தூண் ஓரம் உட்கார்ந்து கேட்கும் சொற்பொழிவு, இவைதான் பொருந்தும். சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் காரைக்குடி. கேட்க ஆள் வராமல் போகாது.

வருமானத்தில் விடுதியே ஜெயிக்கும். கச்சேரி வசூல் ஓடு மாற்றக்கூடக் காணாது. அதனால் முதல் மூன்று வருஷத்துக்கு மராமத்துச் செலவைப் புள்ளி வரியாகப் போடக் கேட்டிருக்கிறேன். படைப்பு அறைச் சாவி பங்காளிகளிடமே இருக்கும், அந்தப் பத்து நாளும் வீடு நமக்கு மட்டும். இரண்டு பேர் இன்னும் விடுதிப் பக்கம்தான். எது முடிவானாலும் ஐப்பசி மழைக்கு முன் வடமேற்கு மூலை ஓடுகளை மாற்றியாக வேண்டும், கொத்தனாரிடம் சொல்லியாயிற்று.