குறிப்பட்டையா, சோட்டெரோவா: ஆய்வேடு எழுதுவோருக்கான ஓர் ஒப்பீடு

முனைவர் பட்ட ஆய்வுக்குப் புதிதாகப் பதிவு செய்த மாணவர்கள், படித்ததை எங்கே, எப்படிக் குறித்து வைப்பது என்றுதான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். தாமிரபரணி அணைக்கட்டுகளின் பாசன வரலாற்றை ஆய்வேடாக எழுதியபோது நான் குறிப்பட்டைகளில் தொடங்கி, பிறகு நூல் விவரங்களையும் குறிப்புகளையும் சேர்த்து வைத்து அடிக்குறிப்பு இட உதவும் சோட்டெரோ மென்பொருளுக்கு மாறினேன். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு, தமிழில் எழுதுபவருக்கும் சோட்டெரோவே ஏற்றது என்ற முடிவில் இருக்கிறேன். வேகம், வசதி என்று பலரும் சொல்லும் காரணங்களுக்கு நான் பெரிய இடம் தரவில்லை. ஒரு வரியை எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்பதை ஐந்தாறு ஆண்டு கழித்தும் காட்ட முடிகிறதா என்ற ஒரே கேள்வியை வைத்தே இங்கே எடைபோடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வுக்காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அவ்வளவு காலமும் குறிப்புகள் உயிரோடு இருந்தாக வேண்டும்.

முதலில், எந்த முறையும் வைத்துக்கொள்ளாதவர்களின் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் கைபேசியால் பக்கங்களைப் படமெடுத்து, தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்வது இப்போது பரவலாக இருக்கிறது. படமெடுப்பதில் தவறில்லை. தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தையும் முதலில் எடுக்காவிட்டால், மூன்று மாதத்தில் அது எந்த நூலின் பக்கம் என்பதே தெரியாமல் போகும். மறுபதிப்புகளில் பக்க எண் மாறிவிடுவதால், நூலின் பெயர் நினைவிருந்தும் எந்தப் பதிப்பு என்று தெரியாத படத்தை அடிக்குறிப்பில் பயன்படுத்த முடியாது.

குறிப்பட்டை முறையை எங்கள் ஆசிரியர் தலைமுறை நன்றாகக் கையாண்டது. ஓர் அட்டைக்கு ஒரு செய்தி, மேல் மூலையில் தலைப்பு, கீழே நூற்பெயரும் பக்கமும் என்று எழுதி, இயல் எழுதும் நேரத்தில் அட்டைகளைத் தரையில் பரப்பி வரிசைப்படுத்துவார்கள். கையால் எழுதும்போது சுருக்கி எழுதியாக வேண்டியிருப்பதால் படித்தது மனத்தில் தங்குகிறது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். களப்பணியிலும் அட்டைக்கு நிகரில்லை. தாமிரபரணியின் பாசனக் கால்வாயான மருதூர் மேலக்காலின் கரையில் நின்று ஒரு விவசாயி மடை திறக்கும் முறையைச் சொல்லும்போது மடிக்கணினியை விரித்தால் பேச்சு நின்றுவிடும். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தால் அது தொடரும்.

அட்டையின் குறை, ஒரு குறிப்பு ஒரே தலைப்பின் கீழ்தான் இருக்க முடியும் என்பதில் தொடங்குகிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. பழைய அணைக்கட்டு ஒன்றைப் பழுதுபார்த்தது பற்றிய ஆங்கிலேயர் காலக் குறிப்பை அணைக்கட்டின் பெயரில் வைப்பதா, ஆட்சியின் பெயரில் வைப்பதா, பழுதுபார்ப்பு என்ற பொருளில் வைப்பதா? இரண்டு படி எடுத்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று பழையபடியே நிற்கும். மூலங்களில் ஊர்ப்பெயர்கள் வேறு வேறாக வருவது இதைவிடக் கடினம். 1881இல் கால்டுவெல் எழுதிய மாவட்ட வரலாற்றிலும் 1917இல் பேட் தொகுத்த கெசட்டியரிலும் இருக்கும் டின்னவெல்லி, தமிழ் மூலங்களில் திருநெல்வேலி. ஆறு ஓரிடத்தில் தாமிரபரணி, இன்னோரிடத்தில் பொருநை. அகரவரிசையில் அடுக்கிய அட்டைப்பெட்டியில் இவை ஒன்றோடொன்று சேர்வதே இல்லை.

காகிதம் அழியும் என்பதும் எங்கள் பகுதிக்கு வெறும் பேச்சில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்து திருநெல்வேலி நகருக்குள் வந்தது. மடிக்கணினியும் தண்ணீரில் கெடும்தான். ஆனால் ஒத்திசைவை இயக்கி வைத்திருந்தால் சோட்டெரோவின் குறிப்புகள் இணையத்திலும் ஒரு படியாக இருப்பதால், வேறொரு கணினியில் உள்நுழைந்தால் திரும்பக் கிடைத்துவிடும்.

மென்பொருள் என்று முடிவானதும் இதே வேலையைச் செய்யும் மெண்டலியையும் பார்த்தேன். இலவச இணைய இடம் அதில் அதிகம். ஆனால் 2013இல் ஆய்விதழ்களை வெளியிடும் எல்சவியர் நிறுவனம் அதை வாங்கியது. 2018இல் பயனர் கணினியிலேயே இருக்கும் தரவுத்தளம் குறியாக்கம் செய்யப்பட்டதால், அதிலுள்ள குறிப்புகளை நேரடியாக வேறு மென்பொருளுக்கு எடுத்துச் செல்வது கடினமாயிற்று. 2022 செப்டம்பரில் பழைய கணினிப் பதிப்பின் பதிவிறக்கமும் நிறுத்தப்பட்டது. என் அளவுகோலுக்கு இது போதும். சோட்டெரோ 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான திறமூல மென்பொருள். இப்போதும் இலாப நோக்கற்ற அமைப்பே அதை நடத்துகிறது. நம் தரவு முழுவதும் நம் கணினியில் ஒரே கோப்புறையில் இருக்கிறது. மென்பொருளை மூடிவிட்டு அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் படியெடுத்தால் அதுவே காப்புப்படி.

தீர்மானமான இடத்துக்கு வருகிறேன். 2022இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் சோட்டெரோவுக்குள்ளேயே பிடிஎஃப் வாசிப்பான் இருக்கிறது. நூலில் ஒரு வரியை வண்ணமிட்டு, அருகில் நம் கருத்தைத் தமிழில் எழுதி, பிறகு அவற்றையெல்லாம் ஒரு குறிப்பாகத் திரட்டச் சொன்னால், ஒவ்வொரு வரியின் இறுதியிலும் நூலும் பக்கமும் தாமாக வந்து நிற்கின்றன. அந்தப் பக்க எண்ணைச் சொடுக்கினால் வண்ணமிட்ட அதே இடம் திறக்கிறது. நெறியாளர் இரண்டாண்டு கழித்து ஒரு வரியைச் சுட்டி இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை ஒரு சொடுக்கில் இருக்கிறது. மேற்கோளும் என் சொற்களும் கலக்காமல் தனித்தனியே நிற்பதும் இதனால்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகள் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. உரிய முறையில் மூலம் காட்டிய மேற்கோள்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மூலம் தெரியாத ஒரு நல்ல வரி ஆய்வேட்டில் எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்தே மாணவர்கள் உணரலாம்.

பக்க எண்ணில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய நூல்களின் வருடல் படிகளில் முன்னுரைப் பக்கங்களும் எண்ணப்படுவதால், கோப்பின் 78ஆம் பக்கம் அச்சில் 52ஆக இருக்கலாம். சோட்டெரோ சில வேளைகளில் கோப்பின் எண்ணையே எடுத்துக்கொள்கிறது. நூலைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு பக்கத்தின் எண்ணைத் திருத்தி, அதையே எல்லாப் பக்கங்களுக்கும் பொருத்தச் சொல்லிவிட வேண்டும்.

தமிழுக்கென்று கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நூலுக்குரிய ஐஎஸ்பிஎன் எண்ணை இட்டால் சோட்டெரோ விவரங்களைத் தானே தேடி நிரப்பும்; நம் சிறு பதிப்பகங்களின் பழைய நூல்கள் பலவற்றுக்கு அந்த எண் இல்லாததால் நாமே தட்டச்சிட வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லாததால், ஆசிரியர் பெயருக்கான இரட்டைக் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றி, ரா.பி. சேதுப்பிள்ளை, நா. வானமாமலை போன்ற பெயர்களைத் துறை விரும்பும் வரிசையில் முழுதாக இடுவது நல்லது. ஆங்கில மேற்கோள் நடையைத் தேர்ந்தால் ‘மேலது’ வரவேண்டிய இடத்தில் ஆங்கிலச் சுருக்கமே வரும். அந்த மேற்கோள் நடையின் கோப்பில் ஒருமுறை திருத்திக்கொள்ளலாம். துணைநூற்பட்டியலில் தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் கையால்தான் பிரிக்க வேண்டும்.

எழுத்துரு இன்னும் பெரிய இடர். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது என்றாலும், யூனிகோடு அல்லாத பாமினி, வானவில் எழுத்துருக்களில் அமைந்த ஆய்வேடுகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேமிக்கும் சோத்கங்கா தளத்தில் நிறையவே உள்ளன. அவற்றிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே ஒட்டப்படும். தேடலிலும் அவை அகப்படா. வருடிய படங்களாக உள்ள நூல்களுக்கும் இதே நிலைதான். ஆகவே நாம் எழுதும் குறிப்பும் இடும் குறிச்சொல்லும் யூனிகோடில் இருந்தால்தான் தேடல் பயன்படும். பொருநை, தாமிரபரணி இரண்டுக்கும் ஒரே குறிச்சொல் இட்டபோது, அட்டைப்பெட்டியில் பிரிந்து கிடந்த குறிப்புகள் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. இதே காரணத்தால் ஆய்வேட்டைத் தட்டச்சு மையத்தில் கொடுத்துப் பாமினிக்கு மாற்றிவிடக் கூடாது. மாற்றினால் அடிக்குறிப்புகளின் இணைப்பு அறுந்துபோகும்.

சோட்டெரோ தரும் இலவச இணைய இடம் 300 மெகாபைட்தான். வருடிய தமிழ் நூல்கள் சிலவற்றிலேயே அது நிரம்பிவிடும். நான் கோப்புகளை இணையத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, குறிப்புகளை மட்டும் ஒத்திசைத்து, நூற்கோப்புகளைத் தனி வன்தட்டில் வைத்தேன். பலர் கூடி ஒரே நூலகத்தைப் பயன்படுத்தும் குழு வசதியை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. அறிவியல் துறையினர் சமன்பாடுகள் மிகுந்த ஆய்வேடுகளை அமைக்கப் பயன்படுத்தும் லாடெக் மென்பொருளுடன் சோட்டெரோவை இணைப்பது எனக்குப் பழக்கமில்லாதது; அதை அத்துறையினரிடமே கேட்பது நல்லது.

ஏற்கெனவே அட்டைகளில் பாதித் தூரம் வந்துவிட்டவர்கள் எல்லாவற்றையும் மாற்ற முயல வேண்டாம். இனி எழுதப்போகும் இயலுக்கு வேண்டிய அட்டைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் நூலையும் பக்கத்தையும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உள்ளிட வேண்டும். இறுதி ஆண்டில் இருப்பவர்கள் துணைநூற்பட்டியலை மட்டும் சோட்டெரோவில் அமைத்துக்கொண்டு, அடிக்குறிப்புகளைப் பழைய முறையிலேயே முடித்துக் கொடுப்பது பாதுகாப்பானது.