சுன்னாகத்து வீட்டில் பலாலிக் குடும்பம்

காணி அலுவலாக யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். காணி உறுதி (பத்திரம்) தொலைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. இடப்பெயர்வில் பெட்டியோடு போன அம்மாவின் சீதன உறுதியை, ஒரு பழைய ஈட்டுக் கடதாசியில் இருந்த இலக்கத்தை வைத்தே தேடி எடுத்துத் தந்தார்கள். கருமபீடத்தில் இருந்த பிள்ளை காணிப் பதிவேடான தோம்பைப் புரட்டி, "அக்கா, இதிலை பிறகு ஒரு கைமாற்றமும் விழேல்லை, நிம்மதியாப் போங்கோ" என்றாள். கனடாவில் ஓர் அரச அலுவலகத்தில் எனக்கு இவ்வளவு அன்பு கிடைத்ததில்லை. வேறொரு கந்தோரில் ஒரு கையொப்பத்துக்காக மூன்று மேசைக்கு அலைய வைத்தார்கள். அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நொத்தாரிசு கேட்ட முதல் கேள்வி, "அவரும் வந்திருக்கிறாரோ?" யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை, சீதனமாக வந்ததென்றாலும், விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. ரொறன்ரோவில் என் பெயரில் இருந்து, நாங்கள் குடியிருக்காத வீடென்றால் நானே விற்கலாம்; சுன்னாகத்தில் அம்மா தந்த 4 பரப்புக் காணியை விற்க அவரைக் கேட்க வேண்டும். எங்கள் அரசியல்வாதிகள் தேசவழமையைக் காப்போம் என்று மேடையில் முழங்கும்போது இதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

இரட்டைக் குடியுரிமை இல்லாதவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2014இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி கைமாற்ற முடியாது. தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வருவது அதில் அடங்காது. ஆனால் பக்கத்து வளவையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று போனால் முடியாது.

சரி, எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சமாதான காலத்தில் மாமாவும் கனடா வந்தபோது, வீடு பாழடையக்கூடாது என்று திறப்பை ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வந்தார். எழுத்தில் ஒன்றுமில்லை. அவர்கள் பலாலிப் பக்கத்து ஆட்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்டு, மல்லாகத்தில் நலன்புரி முகாம் கொட்டிலில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர்கள். வாடகை வாங்கியதில்லை. கிணறு இறைத்து, ஓடு மாற்றி, கதியால் போட்டு, வளவைத் தங்கள் வளவு மாதிரியே வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தரணி இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவருடைய காணியை அவருடைய உரிமையை ஏற்காமல் 10 ஆண்டு தடையின்றி வைத்திருந்தால் அதற்கு உரிமை கோரலாம் என்கிறது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். போரில் ஓடியவர்கள் இதனால் காணி இழக்கக்கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமையைக் கோர முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. "ஆனால் 2009க்குப் பிறகு எண்ணினாலும் 2019இல் 10 வருஷம் முடிஞ்சுது பாருங்கோ" என்றார். அனுமதியோடு வந்தவர் அப்படி உரிமை கோருவது கடினம். ஆனால் அனுமதி கொடுத்ததற்குச் சாட்சி மாமா ஒருவர்தான். அவரும் இப்போது இல்லை.

அந்த 2016 சட்டம் 1990 ஒக்டோபரில் சில மணித்தியால அவகாசத்தில் விரட்டப்பட்ட வடக்கு முஸ்லிம்களுக்கும் உரியது. அவர்கள் விட்டுப்போன வீடுகளில் குடியேறியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. காணி பறிபோனது பற்றிக் கதைக்கும்போது இதை நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம்.

வீட்டில் இருக்கும் அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஐயாவோடு கதைக்கப் போனேன். எழுபது தாண்டியவர். தேத்தண்ணி தந்துவிட்டு அவரே தொடங்கினார்: "பிள்ளை, உங்கட வீடெண்டு எப்ப வேணுமெண்டாலும் எழுதித் தாறன். எழும்பச் சொன்னா எங்கை போறது? எங்கட காணியை விட்டா அண்டைக்கே போயிடுவம்." அவருடைய உறுதியும் பத்திரமாக இருக்கிறது, எங்களுடையதை விடத் தெளிவாக. காணிதான் ஆமியிடம்.

வசாவிளானில் இருந்து பலாலிக்குப் போகும் வீதியை 2025 ஏப்ரலில் முப்பது வருடத்துக்கு மேல் கழித்துத் திறந்தபோது விதித்த நிபந்தனைகள்: இடையில் நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, நடந்து போகவும் கூடாது. ஓட்டோவில் ஐயாவோடு போனோம். ஓரிடத்தில் கையை நீட்டாமல் நாடியால் மட்டும் காட்டி, "அந்தப் பூவரசுக்குப் பின்னாலை" என்றார். நான் திரும்புவதற்குள் பூவரசு தாண்டிவிட்டது.

எனக்கும் அவருக்கும் இடையில் உள்ள பிணக்குக்குக் கந்தோர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, காணிக்கென்றே மத்தியஸ்த சபையும் இருக்கிறது. அவருக்கும் ஆமிக்கும் இடையில் உள்ளதற்கு எந்தக் கருமபீடத்தில் வரிசையில் நிற்பது? காணி அதிகாரம் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் மாகாணத்துக்கு என்று எழுதியிருக்கிறது. வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது ஒரே தரம், 2013இல். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்த பிறகு ஆளுநர் ஆட்சிதான். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி யாழ் மாவட்டத்தில் 6 ஆசனத்தில் 3 எடுத்ததற்குக் காணி விடுபடும் என்ற நம்பிக்கையும் ஒரு காரணம். அடுத்த மார்ச்சிலேயே வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி வந்தது. வெளிநாடுகளில் சிதறிக் கிடக்கும் ஆட்கள் மூன்று மாதத்தில் எங்கே போய் எதை நிரூபிப்பது? எதிர்ப்புக் கிளம்பி, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே மூச்சு வந்தது.

ஐயாவும் நானும் உடன்படிக்கை எழுதினோம். அனுமதியோடுதான் இருக்கிறார் என்பதும், தன் காணி விடுபட்டு ஆறு மாதத்துக்குள் வீட்டை ஒப்படைப்பார் என்பதும் அதில் உண்டு. திகதி இல்லாமல் எழுதினால் செல்லாது என்று சட்டத்தரணி சண்டை பிடித்தார். கடைசியில் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று போட்டோம். அதற்கு ஊரில் ஆள் வேண்டுமென்று எனக்குப் பதிலாகச் செயற்பட மச்சாளின் மகனுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தேன், விற்கும் அதிகாரத்தை மட்டும் வெட்டிவிட்டு.