மொஜிட்டோவா, நன்னாரியா, கருப்பட்டியா? ராமநாதபுரம் வெயிலுக்கு ஒரு வீட்டு மாக்டெயில்

மே மாதம் கீழக்கரைப் பக்கம் விருந்தாளி வராத வீடு குறைவு. பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்கள், வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்து இறங்குகிறவர்கள், ஏர்வாடி வரை வந்துவிட்டு அப்படியே எட்டிப் பார்க்கிறவர்கள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வெயிலில் யாருக்கும் டீ நீட்ட மனசு வராது. பாட்டில் குளிர்பானம் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு, மது துளியும் இல்லாமல், ஆனால் கண்ணாடி டம்ளரில் வைத்தால் விருந்து மாதிரி இருக்கிற ஒன்றைத் தேடினோம். புதினா மொஜிட்டோ, பதநீர், நன்னாரி, கருப்பட்டி என்று நாலையும் செய்து பார்த்துக் கடைசியில் கருப்பட்டியில் வந்து நின்றோம்.

மொஜிட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கியூபாவின் பானம், அதிலிருக்கும் வெள்ளை ரம்மை விட்டுவிட்டால் மிச்சம் எலுமிச்சை, சர்க்கரை, புதினா, சோடா. இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டாலே மணம் வந்துவிடும், அரைத்தால் கசக்கும். நல்ல புதினா கிடைக்கும் நாளில் இதன் புத்துணர்ச்சிக்கு இணையில்லை. ஆனால் அந்த நல்ல புதினாதான் இங்கே கிடைப்பதில்லை. கிணற்றுத் தண்ணீரில் உப்பு. தொட்டியில் வைத்து வளர்த்தால் இலை ஓரம் கருகிப்போகிறது. சந்தைக்கு வெளியூரிலிருந்து வரும் கட்டு மதியத்துக்குள் தொங்கிவிடும். விருந்தாளி வருவதோ சாயங்காலம் நாலு மணிக்கு.

பதநீர் இந்த மண்ணுக்கே உரியது. சாயல்குடி, கடலாடி, மண்டபம் என்று எந்தப் பக்கம் போனாலும் பனைதான். காலையில் ஓலைப் பட்டையில் வாங்கி, நுங்கும் ரெண்டு மாங்காய்த் துண்டும் போட்டுக் குடித்தால் போதும், அதைப் பானமாக்க வேறு எதுவும் செய்ய வேண்டாம். தண்ணீர்கூடச் சேர்க்க வேண்டியதில்லை. இருந்தும் அதை ஒதுக்கினோம். பாளையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது பதநீராக நிற்கிறது. தடவாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகத் தொடங்கும். சுண்ணாம்பு இருந்தாலும் மே மாத உச்சி வெயிலில் அதை நம்பி வைத்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நோன்பு வைக்கிற எங்கள் வீட்டில் லேசாகப் பொங்கின பதநீரைக்கூட யாரும் தொடுவதில்லை. ஓரத்தில் நுரை கட்டிவிட்டால் உம்மா, "வேணாம், கொட்டிரு" என்று சொல்லிவிடுவார். ஆகவே விடிந்ததும் வாங்கி, அப்போதே குடிப்பதற்குப் பதநீர். எப்போது வருவார்கள் என்று தெரியாத விருந்தாளிக்கு அது சரிப்படாது.

எனக்குத் தீர்மானமான விஷயம் இதுதான்: பானத்தின் அடிப்படையாக இருக்கிற பாகு கெடாமல் நிற்க வேண்டும். கதவு தட்டப்படும்போது அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, கடைக்கு ஆள் அனுப்பக் கூடாது, கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நின்றாலும் பதறக் கூடாது. இப்படிப் பார்த்தால் மொஜிட்டோவும் பதநீரும் தானாகவே விலகிக்கொள்கின்றன. மிஞ்சுவது நன்னாரியும் கருப்பட்டியும்.

பதநீரைக் காய்ச்சி இறக்கினால் கருப்பட்டி. ஆகையால் மரத்தின் அதே ருசி நுரைக்காமல் நம் கையில் இருக்கிறது. பாகு வைக்கிற முறை இது. கால் கிலோ கருப்பட்டியை உடைத்து 200 மில்லி தண்ணீரில் கரைய விடுங்கள். கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், இதை மட்டும் விடவே கூடாது. நல்ல கருப்பட்டி என்றால் துணியில் கருமணலும் ஓலைத் துணுக்கும் தங்கும், சட்டியின் அடியில் சேறு மாதிரி ஒரு படலம் நிற்கும். தெளிந்ததை மட்டும் எடுத்து, தட்டின சுக்கு ஒரு துண்டும் ரெண்டு ஏலக்காயும் போட்டு, 300 மில்லி அளவுக்கு வரும்வரை கொதிக்க விடுங்கள். விரலில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பு இருக்கணும், கம்பி இழுக்கக் கூடாது. பாகின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட இனிப்பாக இருந்தால் நொதிக்கிற கிருமிக்கு வேண்டிய தண்ணீர் அதில் கிடைக்காது. சீக்கிரம் போதும் என்று தண்ணியாக இறக்கினால் ரெண்டு மூணு நாளில் மேலே குமிழி வந்து புளித்த வாடை அடிக்கும். அப்புறம் அதுவும் கள்ளின் வழியில்தான் போகும். ஈரம் இல்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஈரக் கரண்டி படாமல் வைத்துக்கொண்டால் எங்கள் வீட்டில் கோடை முழுக்க இதற்கு ஒன்றும் ஆவதில்லை.

டம்ளரில் சேர்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ரெண்டு மேசைக்கரண்டி பாகு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. இந்த மூன்றையும் நன்றாகக் கலக்கிவிட வேண்டும். பிறகு இளநுங்கு. பழுப்புத் தோலை விட்டுவிட்டால் துவர்க்கும், அதனால் முழுக்க உரித்து, பாதியைக் கையால் மசித்தும் பாதியைத் துண்டாகவும் போடுங்கள். மிக்ஸியில் அடித்தால் வாயில் நுங்கு தட்டுப்படாது. அடுத்து ஐஸ். கடைசியாக நன்கு குளிர்ந்த வெறும் கோலி சோடாவை டம்ளரைச் சாய்த்து ஓரமாக ஊற்றுங்கள். நேராகக் கொட்டினால் கருப்பட்டி நுரை பொங்கி மேஜைக்கு வந்துவிடும். சோடா குளிர்ந்திருந்தால்தான் வாயு உள்ளே நிற்கும். பன்னீர் சோடா வேண்டாம், ரெண்டு வாசனையும் சண்டை போடும்.

பெரியவர்களுக்கு இன்னொரு கைமணம் உண்டு. மது இல்லாத காக்டெயிலில் பலரும் குறையாகச் சொல்வது, தொண்டையில் இறங்கும் அந்தச் சூடு இல்லை என்பதைத்தான். அந்த இடத்தை மிளகாய் நிரப்பும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் குண்டு மிளகாயில் காய்ந்தது ஒன்றைக் கிள்ளி, விதையை உதறிவிட்டு, டம்ளருக்கான பாகில் பத்து நிமிடம் ஊற வைத்து எடுத்துவிடுங்கள். முதலில் இனிப்பும் புளிப்பும், முடிவில் ஒரு சுருக்கென்ற காரம். பிள்ளைகளுக்கு இது இல்லாமலே கொடுக்கலாம்.

நன்னாரிப் பாகும் இதே போலக் கெடாமல் நிற்கிறது, அதை மறுக்க முடியாது. எனக்கு அது ரெண்டாவதாகப் போனதற்குக் காரணம் நுங்குதான். நன்னாரியின் வாசனைக்கு முன்னால் நுங்கின் மென்மையான ருசி காணாமல் போகிறது. ஆனால் நான் பெரும்பாலும் பார்த்தது கடை பாட்டில், அதில் சர்க்கரையும் எசன்ஸும் தூக்கல். நாட்டு மருந்துக் கடையில் வேர் வாங்கி, நடு நரம்பை நீக்கி, இடித்து, வெந்நீரில் இரவெல்லாம் ஊற வைத்துக் காய்ச்சுகிறவர்கள் வேறு தீர்ப்புச் சொல்லக்கூடும். அந்தப் பக்குவத்தில் எனக்குப் பழக்கம் குறைவு.

கருப்பட்டிக்கும் குறை உண்டு. அசல் கருப்பட்டி சர்க்கரையைவிடப் பல மடங்கு விலை. சர்க்கரை கலந்த போலியும் நிறைய வருகிறது, அதனால் காய்ச்சுகிறவரைத் தெரிந்து வாங்குவதுதான் நல்லது. நிறம் காபி மாதிரி இருப்பதால் மொஜிட்டோ அளவுக்குக் கண்ணைப் பறிக்காது. சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி ஆகும் என்று நம்பி ஊற்றிக் கொடுக்காதீர்கள். இதுவும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அவர்களுக்கு எங்கள் வீட்டில் உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவில் நுங்கு மட்டும்.

எதைச் செய்தாலும் ஐஸில் கவனம் வேண்டும். கடற்கரை ஊரில் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை, ஆனால் படகுக்கும் மீன் பெட்டிக்கும் போகிற ஐஸ் குடிக்கிறதுக்கானது இல்லை. குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, வீட்டிலேயே உறைய வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரில் உறைந்த கட்டி கரையக் கரைய டம்ளரில் உப்பு ஏறும்.

நுங்கு முடிந்துவிட்ட மாதங்களில் அந்த இடத்துக்குக் கடல்பாசி, அதாவது கடையில் அகர் அகர் என்று விற்கிற, காய்ச்சினால் கட்டியாக உறைகிற பொருள். மன்னார் வளைகுடாவில் நம் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இந்த அகர் கிடைக்கிறது. நோன்பு திறக்கும் தட்டில் பார்த்துப் பழகியதுதான். முக்கால் லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் கடல்பாசி போட்டுக் கரையக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு தடவை உறைந்துவிட்டால் நம் வெயிலுக்கெல்லாம் அது உருகாது. காய்ச்சும்போது மட்டும் எலுமிச்சை விட வேண்டாம், புளிப்போடு கொதித்தால் கட்டி இறுகாது. சாறு எப்போதும் டம்ளரில்தான்.