தொடக்க இருப்பிலேயே பொய்: எஸ்.ஏ.டி கணித டியூஷனில் நான் ஏமாந்த கதை

போன வாரம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "கணிதப் பிரிவில் 520-இலிருந்து 660! ஒரே பருவத்தில் 140 மதிப்பெண் உயர்வு!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெயர் இல்லை, படம் இல்லை, 'எங்கள் மாணவி' என்று மட்டும் இருந்தது. அந்த மாணவி என் மகள். அந்த 140-இல் 130 பொய்.

எஸ்.ஏ.டி என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வின் கணிதப் பிரிவுக்கு (முழு மதிப்பெண் 800) ஆசிரியர் தேடிக்கொண்டிருக்கும் யாராவது அதைப் பார்த்துப் பணம் கட்டுவதற்குமுன் இதைப் படித்துவிடட்டும் என்றுதான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர்ப்பலகையை மாற்றிக்கொள்ள ஒரு நாள் போதும். அவர்கள் கையாளும் முறையைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். யாருடைய வரவு செலவைச் சரிபார்க்க உட்கார்ந்தாலும் முதலில் தொடக்க இருப்பைத்தான் பார்ப்பேன். அதைக் குறைத்து எழுதிவிட்டால் ஆண்டு முடிவில் எவ்வளவு லாபம் வேண்டுமானாலும் காட்டலாம். இருபது ஆண்டுகளாக இதையே செய்துகொண்டிருப்பவள், சொந்த மகள் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் இலவசமாக ஒரு 'நிலை அறியும் தேர்வு' வைத்தார்கள். 58 கேள்விகள். முதல் 20 கேள்விகளுக்குக் கால்குலேட்டர் கூடாது. ஒரு சனிக்கிழமை காலை எழுதி அனுப்பினாள். மாலையே 'ஆலோசகர்' ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் போன்ற குரல். "மேடம், 520 தான் வந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், சரிசெய்துவிடலாம். ஆனால் அடித்தளத்திலேயே ஓட்டை இருக்கிறது."

எந்தெந்தக் கேள்விகள் தவறு என்று கேட்டேன். வினாத்தாள் நிறுவனத்தின் சொத்து, வெளியே காட்ட முடியாது என்றார். திருத்திய விடைத்தாளையாவது அனுப்புங்கள் என்றேன். அதுவும் முடியாதாம். அந்த இடத்திலேயே தொலைபேசியை வைத்திருக்க வேண்டும். ஆனால் 520 என்ற எண் அதற்குள் என் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது. பயந்துபோன தாய் கணக்குப் பார்க்க மாட்டாள் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் மாதிரி வகுப்பு. வந்த ஆசிரியை உண்மையிலேயே அருமையானவர். ஒரே கணக்கை மூன்று வழியில் போட்டுக் காட்டி, எந்த வழிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று மகளையே சொல்லவைத்தார். வகுப்பு முடிந்ததும் மகள் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது. அன்று இரவுக்குள் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். 40 மணி நேர வகுப்புக்கான மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டேன். அந்த ஆசிரியையை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை. "ஆசிரியரை ஒதுக்குவதும் மாற்றுவதும் நிறுவனத்தின் உரிமை" என்ற வரி ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்ததாம். இருந்தது, பிறகு பார்த்தேன்.

நாற்பது மணி நேரத்துக்குள் மூன்று பேர் மாறினார்கள். முதலாமவர் தானும் தன் பலகையுமாக இருந்தார். கணக்கை மளமளவென்று போட்டு முடித்து, "புரிந்ததா?" என்பார். மகள் "புரிந்தது சார்" என்பாள். ஒரு மணி நேரம் தீர்ந்துவிடும். மூன்றாமவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். பாடக் குறிப்புகள் தன் கைக்கு வருவதே முந்தின நாள் இரவுதான் என்று மகளிடம் ஒருநாள் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரையும் சேர்த்துத்தான் ஏய்த்திருக்கிறார்கள்.

என் கோபமெல்லாம் அந்தக் குறிப்புகளின்மேல். எஸ்.ஏ.டி தேர்வு அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச்சிலும், அமெரிக்காவுக்குள் 2024 மார்ச்சிலும் முழுக்கக் கணினித் தேர்வாக மாறிவிட்டது. இப்போது கணிதப் பிரிவில் இரண்டு மாட்யூல்கள், அதாவது அடுத்தடுத்து எழுதும் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 22 கேள்விகள், 35 நிமிடங்கள். மொத்தம் 44 கேள்விகள், 70 நிமிடங்கள். எல்லாக் கேள்விகளுக்கும் கால்குலேட்டர் உண்டு. டெஸ்மாஸ் என்ற வரைபடக் கால்குலேட்டர் தேர்வுத் திரையிலேயே இருக்கிறது. என் மகளுக்கு வைத்த 58 கேள்வித் தேர்வோ, கால்குலேட்டர் உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று பிரித்திருந்த பழைய அச்சுத் தேர்வின் அமைப்பு. காலாவதியான அளவுகோலை வைத்து என் மகளை அளந்து, 'அடித்தளத்தில் ஓட்டை' என்று சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டு முழு வகுப்புகள் கலப்பெண்களுக்கு (காம்ப்ளெக்ஸ் நம்பர்கள்) போயின. கணினித் தேர்வில் அந்தப் பகுதியே கிடையாது. இரண்டு சமன்பாடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கண்டுபிடிக்க அரைப் பக்கம் கையால் போடவைத்தார்கள். டெஸ்மாஸில் இரண்டையும் தட்டிவிட்டுக் கோடுகள் சந்திக்கும் இடத்தைத் தொட்டால் விடை நிற்கிறது. கையால் போடத் தெரியவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. அதில் எதைக் கையால் போடுவது, எதைத் திரையில் போடுவது என்று தீர்மானிக்கப் பழக்குவதுதானே ஆசிரியரின் வேலை? நாற்பது மணி நேரத்தில் டெஸ்மாஸ் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை.

இவை எல்லாவற்றையும்விட மோசமான ஒன்று உண்டு. கணிதப் பிரிவில் ஏறத்தாழ கால்பங்குக் கேள்விகளுக்கு நான்கு விடைகள் தரமாட்டார்கள். மாணவர்களே விடையை எழுத வேண்டும். "அந்தக் கேள்விகளுக்கு மைனஸ் விடை ஒருபோதும் வராது. வந்தால் எங்கேயோ தப்பு செய்திருக்கிறாய் என்று அர்த்தம்" என்று முதல் ஆசிரியர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அச்சுத் தேர்வுக் காலத்தில் அது சரி. விடைத்தாளில் மைனஸ் குறியை நிரப்பவே இடமிருக்காது. கணினித் தேர்வில் மைனஸ் விடை தாராளமாக வரலாம். உண்மையான தேர்வில் ஒரு கேள்விக்கு இரண்டு முறை போட்டும் மைனஸ் விடையே வந்ததாம். தான்தான் தவறு செய்கிறோம் என்று நினைத்து, மூன்றாம் முறையும் போட்டு, நேரம் போய், கடைசியில் மைனஸை எடுத்துவிட்டு எழுதிவிட்டு வந்திருக்கிறாள். காசு கொடுத்துக் கற்றுக்கொண்ட தவறு அது.

கடைசி வாரம் அவர்கள் வைத்த மாதிரித் தேர்வில் 700 வந்தது. வீட்டில் கொண்டாட்டம். அதுவும் பிடிஎப் கோப்புதான். உண்மையான தேர்வில் முதல் மாட்யூலை நன்றாகச் செய்தால் இரண்டாவது மாட்யூல் கடினமாக வரும். சுமாராகச் செய்தால் எளிதாக வரும், ஆனால் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. பிடிஎப் கோப்பு அப்படியெல்லாம் ஆளுக்குத் தக்கபடி மாறாது. அவர்கள் கொடுத்த இரண்டு பகுதிகளும் ஒரே அளவு எளிது. தேர்வு மண்டபத்தில் முதல் மாட்யூலை நன்றாகவே முடித்துவிட்டு, இரண்டாவது திறந்ததும் மகள் திகைத்துப் போயிருக்கிறாள். கடினமாக வந்தது நல்ல அறிகுறி என்றுகூட அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

660 வந்தது. நான் வருத்தப்பட்டாலும், "520-இலிருந்து பார்த்தால் பெரிய முன்னேற்றம்தானே" என்று அவளைத் தேற்றினேன். அப்போதுதான் அவள் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, டியூஷனில் சேருவதற்குமுன் ப்ளூபுக்கில் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். கணக்கில் 650 வந்தது."

ப்ளூபுக் என்பது காலேஜ் போர்டின் செயலி. உண்மையான தேர்வை எழுதுவதும் அதில்தான். முழு நீள மாதிரித் தேர்வுகள் அதிலேயே இலவசமாக இருக்கின்றன. இரண்டாவது மாட்யூல் அங்கே உண்மையாகவே மாறும். அவள் கணக்கைத் திறந்து காட்டினாள். 650, தேதியோடு இருந்தது. நிறுவனத்தின் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவர்கள் 520 என்று சொன்னார்கள். அவர்கள் நிபுணர்கள் இல்லையா? நான் எழுதினது ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்திருக்கும் என்று நினைத்தேன்" என்றாள்.

பணம் போனதை நான் செரித்துக்கொண்டேன். இந்தப் பதிலை இன்னும் செரிக்க முடியவில்லை. தன் கையால் எழுதி வாங்கிய மதிப்பெண்ணை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் சொன்ன எண்ணை மூன்று மாதம் தன் உண்மையான மதிப்பு என்று நம்பியிருக்கிறாள். 'அடித்தளத்தில் ஓட்டை' என்ற சொல்லை நானும் வீட்டில் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறேன். அதற்கு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

650-இலிருந்து 660. நாற்பது மணி நேரத்துக்குப் பத்து மதிப்பெண். அதைக்கூட உயர்வு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மதிப்பெண் அறிக்கையிலேயே, அதே மாணவர் இன்னொரு நாள் எழுதினால் மதிப்பெண் முன்னே பின்னே இருக்கலாம் என்று ஒரு வரம்பு கொடுக்கிறார்கள். பத்து மதிப்பெண் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

ஒப்பந்தத்தில் "120 மதிப்பெண் உயர்வு நிச்சயம், இல்லையேல் பணம் வாபஸ்" என்று இருந்தது. எழுதிக் கேட்டேன். உயர்வு என்பது 'நிறுவனத்தின் நுழைவு மதிப்பீட்டிலிருந்து' கணக்கிடப்படும், 520-இலிருந்து 660 என்றால் 140, ஆகவே உத்தரவாதம் நிறைவேறிவிட்டது என்று பதில் வந்தது. ப்ளூபுக் மதிப்பெண்ணை இணைத்து மறுபடி எழுதினேன். வெளித் தேர்வுகளின் மதிப்பெண்ணை ஏற்க முடியாதாம். 660 மட்டும் யார் வீட்டுத் தேர்வு? கட்டிய பணத்தை மீட்டுத்தரச் சொல்லி வங்கியிடம் முறையிட்டேன். நாற்பது மணி நேரமும் வகுப்பு நடந்ததற்கான வருகைப் பதிவை நிறுவனத்தார் காட்டினார்கள். அத்துடன் அது முடிந்தது.

ஆகவே, ஆசிரியர் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். யாரையும் அழைப்பதற்குமுன் பிள்ளையை ப்ளூபுக்கில் ஒரு முழுத் தேர்வு, நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். அந்த எண் உங்கள் கையில் இருக்கட்டும். வருகிறவரிடம் அதைக் காட்டி, இதிலிருந்துதான் கணக்கு என்று சொல்லுங்கள். இரண்டாவது மாட்யூல் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது, டெஸ்மாஸை எப்போது பயன்படுத்தச் சொல்வீர்கள், எழுதும் விடை மைனஸாக வரலாமா என்று கேளுங்கள். இன்றைய தேர்வைத் தெரிந்தவர் அரை நிமிடத்தில் பதில் சொல்வார். தவறான விடைகளைக் காட்ட மறுப்பவரிடம் பேச்சே வேண்டாம். பணத்தை வகுப்புக்கு வகுப்பு கொடுங்கள். "நான் 800 வாங்கியவன்" என்று சொல்பவருக்கு வாழ்த்துச் சொல்லலாம்; வாங்கத் தெரிந்தவருக்கெல்லாம் வாங்கவைக்கத் தெரியும் என்று யார் சொன்னது?

ஆசிரியரே தேவையா என்பதையும் யோசியுங்கள். கான் அகாடமி என்ற கல்வித் தளத்தில் எஸ்.ஏ.டி பயிற்சி இலவசம். காலேஜ் போர்டின் கேள்வி வங்கியில் பாடப் பிரிவு வாரியாக, கடினம் வாரியாகக் கேள்விகளைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். இயற்கணிதமும் அதன் மேல்நிலைப் பகுதியும் சேர்ந்து கணிதக் கேள்விகளில் ஏறத்தாழ எழுபது சதவீதம். என் மகளுக்கு வடிவியலை வாரக்கணக்கில் நடத்தியவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

நாங்கள் இப்போது ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் போகிறோம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், அன்றன்றைக்குப் பணம். முதல் நாள் அவர் எதுவுமே நடத்தவில்லை. மகள் தவறவிட்ட கேள்விகளை எடுத்துவைத்து, போட்ட விதத்தை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். ஓர் எண்ணின் மூன்று மடங்கோடு 7-ஐக் கூட்டினால் 22. அப்படியானால் அதே எண்ணின் ஆறு மடங்கோடு 14-ஐக் கூட்டினால் எவ்வளவு என்று ஒரு கேள்வி. மகள் அந்த எண் 5 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, விடையாக 5-ஐயே தேர்ந்தெடுத்திருக்கிறாள். கேட்டது 44. அப்படியே இரட்டித்திருந்தால் எண்ணைக் கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை. அவள் விட்டவற்றில் பாதி இப்படிப்பட்டவை. "கணக்கு உனக்கு வருகிறது அம்மா, கேள்வியைத்தான் கடைசி வரை படிக்க மாட்டேன் என்கிறாய்" என்றார் அவர். மகள் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

விளம்பரத்தை எடுக்கச் சொல்லி எழுதினேன். பெயர் குறிப்பிடவில்லை என்பதால் ஆட்சேபத்துக்கு இடமில்லை என்று பதில் வந்தது. இன்று காலையும் அது ஓடிக்கொண்டிருந்தது.