பூ ஓவியங்கள்: சில மழைக்காலங்கள் கடந்தபின் சுவரில் எது நிற்கிறது

சுவரில் மாட்டிய பூக்களில் முதலில் வாடுவது சிவப்பு. வெயில் விழும் சலூன்களில் பல ஆண்டுகளாக ஒட்டியிருக்கும் முடியலங்காரப் படங்களைக் கவனியுங்கள், முகமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். அச்சுப் படத்தில் சிவப்பும் மஞ்சளும் வெளிச்சத்தில் முதலில் கரைந்துபோக, நீலம் மட்டும் மிஞ்சுவதால் வரும் நிறம் அது. கூடத்தில் மாட்டிய ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் இதேதான் நடக்கிறது, சற்று மெதுவாக. மலையோ கடலோ இப்படி வெளுத்தால் கண் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. பூ வெளுத்தால் அந்தப் படத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அதனால் அச்சுப் படம் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெளிச்சம் தாங்கும் நிறமி மையா, சீக்கிரம் வெளுக்கும் சாய மையா என்பது. கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் சாய மை என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ற விலையை மட்டும் கொடுங்கள். பெரிய படத்துக்கு ஆர்டர் தருவதாக இருந்தால் அதே மெஷினில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு அச்சடித்து வாங்கி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, சித்திரை வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் வையுங்கள். அட்டையை எடுத்ததும் இரண்டு பாதிக்கும் நடுவில் கோடு தெளிவாகத் தெரிந்தால் அந்த மை வேண்டாம்.

கையால் வரைந்த படம் என்பதால் மட்டும் தப்பிவிடாது. டச்சு ஓவியர் வான்கோ 1890 மே மாதத்தில் வரைந்த ரோஜா ஓவியங்கள் இன்று வெள்ளை ரோஜாக்களாகத் தெரிகின்றன. வரைந்தபோது அவற்றில் இளஞ்சிவப்பு இருந்தது. அதே நாட்களில் அவர் வரைந்து, இப்போது ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஐரிஸ் பூக்கள் ஊதாவாக இருந்து நீலமாகிவிட்டன. அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெளிச்சம் தாங்காதது. இன்றும் நீர்வண்ணத்தில் அலிசரின் கிரிம்சன் வெளுக்கும். தாமரைக்கு ஆசையாகத் தீட்டப்படும் ஓபரா பிங்க் அதைவிட வேகமாக வெளுக்கும், ஏனென்றால் அதன் பளபளப்பு ஒளிரும் சாயத்திலிருந்து வருவது. ஓவியரிடம் சொல்லி வரைய வைப்பதானால் வண்ணக் குழாயில் அச்சிட்டிருக்கும் நிறமி எண்ணைக் கேளுங்கள். பிஆர் 83 என்றால் அலிசரின். பிவி 19 என்றால் குயினக்ரிடோன், இது நிலைக்கும். தொழில் தெரிந்த ஓவியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

வண்ணத்துக்கு அடுத்தது சுவர். ஆனால் வீட்டில் முடிவு செய்யும் வரிசையில் சுவர்தான் முதலில் வர வேண்டும். படத்தை வாங்கி வந்தபின் இடம் தேடினால், பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் வெளிப்புறச் சுவருக்கோ குளியலறையை ஒட்டிய சுவருக்கோதான் அது போய்ச் சேரும். இரண்டுமே ஓதம் அடிக்கும் சுவர்கள். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு அடைத்துச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்துக்கள் இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, அங்கே எந்தப் படமும் வேண்டாம். இந்தச் சோதனையை ஐப்பசி, கார்த்திகையில் செய்தால்தான் பலன். பங்குனியில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். புது வீட்டில் பூச்சு உலரவே ஒரு பருவம் பிடிக்கும். முதல் மழைக்காலம் முடியும்வரை காகித ஓவியத்தை அந்தச் சுவரில் ஏற்ற வேண்டாம்.

வெயில் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு, வடக்கு ஜன்னல் என்றால் பயமில்லை என்று. ஐரோப்பிய வீடுகளுக்குப் பொருந்தும் அறிவுரை அது. சென்னை 13 பாகை அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், காலையும் மாலையும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக உள்ளே வரும். மார்கழியில் தெற்கு ஜன்னல் வழியாகக் கூடத்தின் நடுவரை நுழையும். மேற்கு ஜன்னலின் பிற்பகல் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுவிட்டு, ஜன்னல் இருக்கும் சுவரிலேயே அதன் பக்கவாட்டில் மாட்டுவது பாதுகாப்பு. அருங்காட்சியகங்கள் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் அளவில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகின்றன. வீட்டில் அந்த அளவு முடியாது, நேர் வெயிலைத் தவிர்ப்பது முடியும்.

பூக்களுக்கு மிக அழகாக அமைவது நீர்வண்ணம், நம் ஊரில் மிகச் சீக்கிரம் கெடுவதும் அதுதான். பிரேம் போடும் இடத்தில் நின்று பார்க்க வேண்டிய வேலை இது. காகிதம் கண்ணாடியைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரக்காற்றில் வியர்த்து ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளிகளாகப் பூசணம் பூக்கும். நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் போர்டு அழகுக்காக மட்டும் அல்ல, அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளிக்காகவும்தான். அமிலமற்ற போர்டு என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண போர்டில் வெட்டிய ஓரம் சில ஆண்டுகளில் மஞ்சளாகி, படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போடும். பின்னால் ஹார்டுபோர்டை நேராகக் காகிதத்தின் மேல் வைத்து ஆணி அடிப்பது இங்கே வழக்கம். இடையில் இன்னொரு அமிலமற்ற போர்டு வைக்கச் சொல்லுங்கள். பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் வெயில் காலத்தில் பசை காய்ந்து உரிந்துவிடும், அந்த வழியாக ராமபாணப் பூச்சி நுழையும். காகித டேப்பே சரி.

கேன்வாஸுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் மழைக்காலத்தில் தளர்ந்து, கோடையில் இறுகி, சில சுற்றுகளுக்குப் பின் மூலைகளில் அலை விழும். பின்பக்கச் சட்டத்தின் மூலைகளில் சிறு மர ஆப்புகள் இருந்தால் லேசாகத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். எம்டிஎஃப் எனும் மரத்தூள் பலகைச் சட்டத்தில் அறைந்து ஒட்டியதென்றால் ஒன்றும் செய்ய முடியாது, ஈரம் ஏறினால் சட்டமே ஊதிவிடும். 3 அடிக்கு மேல் அகலமென்றால் குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். சட்டம் ஒன்றரை அங்குலத் தடிமன் இருப்பது நல்லது.

யாரும் எச்சரிக்காத சங்கதி, படத்தின் பின்புறம். பிரேமின் கீழ் மூலைகளில் கார்க் அல்லது ரப்பர் வில்லை ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் 5, 6 மில்லிமீட்டர் காற்றிடம் விட வேண்டும், இல்லையென்றால் பூசணம். அந்த இடைவெளியில் பல்லி குடியேறும், முட்டையிடும், எச்சம் சுவரில் வழியும். குளவி மண்கூடு கட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் காற்றிடமே வேண்டும், பல்லியை விரட்டிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை ஒட்டடை அடிக்கும்போது படத்தைக் கழற்றிப் பின்னாலும் துடைத்தால் போதும்.

வாங்கும் முன் படத்தை உங்கள் வீட்டு விளக்கில் பார்த்தே ஆக வேண்டும். கடையில் மஞ்சள் விளக்கின் கீழ் கனலாக எரியும் செம்பருத்தி, 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்டில் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். படத்துக்கென்று தனி விளக்கு வைப்பதானால் 3000 கெல்வின், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறக்காட்டல் எண் (சிஆர்ஐ) 90க்கு மேல் உள்ள எல்இடி. வெள்ளைப் பூக்களுக்கு மட்டும் டியூப் லைட் நன்றாக ஒத்துப்போகிறது, மல்லிகையும் நந்தியாவட்டையும் அதில் இன்னும் குளிர்ச்சியாகத் தெரியும்.

அளவுக்கு ஒரு கணக்கு: சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 78 அங்குல சோபாவுக்கு 52 அங்குலம், ஒரே படமாகவோ இரண்டு மூன்றாகச் சேர்த்தோ. சோபா முதுகுக்கு மேல் 6 முதல் 8 அங்குலம் விடுங்கள். காலிச் சுவரில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம் என்பது காட்சிக்கூட வழக்கு, நின்று பார்ப்பவர்களுக்கானது. தரையில் பாய் விரித்து உட்காரும் கூடத்தில் 6, 8 அங்குலம் இறக்கினால் பூ கண்ணுக்குச் சற்று அருகில் வரும். தரையிலேயே ஆத்தங்குடிக் கல் பூத்திருக்கும் வீட்டில் பெரிய பூச்செண்டுப் படம் எடுபடாது. அங்கே வெறும் பின்னணியில் ஒரே ஒரு தண்டு, ஒரு மொட்டு போதும். பூப்போட்ட திரைச்சீலைக்குப் பக்கத்திலும் அப்படியே.

மாட்டுவதற்குக் கான்கிரீட் ஆணியைச் சுத்தியால் அறைவதுதான் பலரும் செய்வது. பூச்சு பெயர்ந்து, ஆணி பிடிப்பில்லாமல் ஆடும். 6 மில்லிமீட்டர் மேசனரி பிட்டால் துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் சொருகி, 40 மில்லிமீட்டர் திருகு போடுங்கள். பூச்சே 12 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கும், அதைத் தாண்டிச் செங்கல்லைப் பிடிக்க அந்த நீளம் தேவை. 2 அடிக்கு மேற்பட்ட படத்துக்கு ஒரே ஆணி வேண்டாம். இரண்டு திருகுகளை ரசமட்டம் வைத்து ஒரே மட்டத்தில் போட்டால், சீலிங் ஃபேன் காற்றில் படம் சாயாது, டக் டக் என்று சுவரில் அடிக்கவும் செய்யாது. துளையிடும் முன் படத்தின் அளவில் செய்தித்தாளை வெட்டி ஒட்டி இரண்டு நாள் பாருங்கள்.

பூஜையறை வாசலுக்கு நேர் எதிரே கேன்வாஸ் மாட்ட வேண்டாம். சாம்பிராணிப் புகையும் விளக்குக் கரியும் அக்ரிலிக் வண்ணத்தில் படிந்தால் எளிதில் போகாது. கோடை வெப்பத்தில் அந்த வண்ணம் சற்று இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மேலே வார்னிஷ் இருந்தால் அழுக்கு அதோடு நிற்கும். துடைக்க உலர்ந்த மென்தூரிகை மட்டும். கண்ணாடி போட்ட படமென்றால் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேராகக் கண்ணாடியில் அடித்தால் கீழே வழிந்து பிரேமுக்குள் இறங்கி மவுண்டில் கறை போடும்.

முடிந்தால் ஓர் இடத்துக்கு இரண்டு படங்கள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி மாட்டுங்கள். ஒவ்வொன்றும் பாதி வெளிச்சத்தையே வாங்கும், கண்ணுக்கும் புதிதாக இருக்கும். நீர்வண்ணத்தை ஐப்பசி பிறக்கும் முன் இறக்கி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, உள்சுவரை ஒட்டிய அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். தை வெயில் வந்தபின் மறுபடி ஏற்றலாம்.