காலித் தோட்டாவைக் கழுவுவதா, உலர உருட்டுவதா?

டெக்சாஸில் இருக்கிறேன், ரேஞ்சில் சுட்டு முடித்ததும் 9 எம்எம் பிஸ்டல் தோட்டாக்களின் காலிப் பித்தளை உறைகளைப் பொறுக்கிக்கொண்டு வருகிற ஆள். மறுபடி மருந்து அடைப்பதற்கு முன் அழுக்கு போக வேண்டும், இல்லையென்றால் உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையை மண் துகள் கீறிவிடும்.

அதிரும் தொட்டியில் வால்நட் ஓட்டுப் பொடியோ மக்காச்சோளத் தக்கைப் பொடியோ நிரப்பி, உறைகளைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிடுவது பழைய வழி. காய வைக்கிற வேலையே இல்லை. உள்ளே கரி கொஞ்சம் தங்கும், அதனால் சுடுவதில் ஒரு குறையும் வராது. வம்பு தூசியில்தான். பிரைமரில், அதாவது உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடியில், இருக்கிற ஈயத்தின் மிச்சம் அந்தப் பொடியில் ஏறிவிடும். ஒருநாள் கராஜில் சலித்துக்கொண்டிருந்தேன், ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல மிதந்து போய் மகளின் சைக்கிள் சீட்டில் இறங்கியது. அன்றோடு அதை விட்டேன்.

அப்புறம் வாங்கியது சுழலும் டிரம். பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, துளி சிட்ரிக் அமிலம், ஸ்டெயின்லெஸ் ஊசிகள், ஒன்றரை மணி நேரம். பிரைமர் குழி வரைக்கும் பளபளக்கும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற அதே சங்கதி. அமிலம் கூடினால் பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து உறை இளஞ்சிவப்பாகிவிடும், கவனம். தொல்லை என்றால் ஊசிதான்: .223 ரைஃபிள் உறைக் கழுத்தில் இரண்டு மூன்று சேர்ந்து சிக்கும், ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஈயம் இப்போது தண்ணீரில் இருக்கிறது, அதனால் கையுறை கட்டாயம், சமையலறை சிங்க், ஓவன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. துண்டில் பரப்பினால் இங்குள்ள வெயிலுக்கு ஒரே நாளில் காய்ந்துவிடும்.

ஒலியதிர்வால் தண்ணீரில் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி? அழுக்கு போகும், பளபளப்பு வராது, ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் கொள்ளும். ரைஃபிள் உறை ஐம்பது அறுபது என்றால் சரி.

எந்த வழியானாலும் அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் மட்டும் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தானாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல்தான் விளங்கியது.

இப்போது டிரம்மே போதும் என்றாகிவிட்டது, பழைய அதிர்வுத் தொட்டி பரணில் கிடக்கிறது. ஊசிகளைப் பொறுக்க ஒரு காந்தம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.