கிளைடர் ஷாக் ஸ்ட்ரட்: பிரித்துப் பார்த்துச் சரிசெய்த பட்டறை

எல்-13 பிளானிக் என்ற, இருவர் அமரும் பயிற்சிக் கிளைடரை (இன்ஜின் இல்லாத விமானம்) வைத்திருக்கும் கிளப்புகளுக்காக இதை எழுதுகிறேன். 2010-இல் ஆஸ்திரியாவில் ஒரு பிளானிக்கின் இறக்கை பறக்கும்போதே முறிந்ததிலிருந்து எல்லாருடைய கண்ணும் இறக்கையின் மேல்தான். அது நியாயமே. ஆனால் தரையிறங்கும் ஒவ்வொரு முறையும் மாணவரின் முதுகெலும்பைக் காப்பது அடியில் இருக்கும் ஒற்றைச் சக்கரமும், எண்ணெயும் வாயுவும் நிரப்பிய அதிர்ச்சி தாங்கும் காலான அதன் ஷாக் ஸ்ட்ரட்டும். அதற்கும் அதே அக்கறை வேண்டும்.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியாவிலுள்ள எங்கள் கிளப்பின் பிளானிக்கில் ஸ்ட்ரட் அடிக்கடி தாழ்ந்துபோனது. முன்பு கொடுத்த இடத்தில் நைட்ரஜனை ஏற்றி, உயரம் சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வாயு ஸ்பிரிங்காக நின்று எடையைத் தாங்கும். அதிர்ச்சியை விழுங்குவது எண்ணெய். சிறு துளை வழியே அது பிதுங்கி ஓடும்போதுதான் மோதலின் ஆற்றல் வெப்பமாகித் தீர்கிறது. எண்ணெய் குறைந்த ஸ்ட்ரட்டில் வாயுவை மட்டும் ஏற்றினால், நிற்கும்போது பார்க்க ஒரு குறையும் தெரியாது. இறங்கும்போது கிளைடர் பந்துபோல் எகிறும்.

பிறகு ஸ்ட்ரட்டைக் கொடுத்த இந்தப் பட்டறையில் வாயு மட்டும் ஏற்றித் தர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றிய பிறகே பிரித்தார்கள். பிஸ்டனைத் துடைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் விரல் நகத்தால் அதன் குரோம் பூச்சை மெதுவாக வருடினார். ஓர் இடத்தில் நகம் தட்டியது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: கடுகில் பாதிகூட இல்லாத ஒரு துருக்குழி. அதற்கு நேராக, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலின் விளிம்பு பிசிறு பிசிறாக அறுந்திருந்தது. அந்தக் குழி இருக்கும்வரை எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகத்தான் செய்யும்.

பழைய பூச்சை நீக்கிப் புதிதாகக் குரோம் ஏற்றி, அளவுக்குச் சாணை பிடித்து வாங்கினார்கள். போட்டவை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் சீல்கள், அவற்றுக்கு ஒத்துப்போகும் சிவப்பு நிறக் கனிம எண்ணெய். (பிரேக் எண்ணெயை ஊற்றி நைட்ரைல் சீலைக் கெடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) ஸ்ட்ரட்டை மேலும் கீழும் அசைத்துக் குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றி, எண்ணெய் மட்டத்தை மறுபடி பார்த்து, கையேட்டில் உள்ள அழுத்தத்துக்கு நைட்ரஜன் ஏற்றினார்கள். செய்த வேலை முழுவதையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்கள். ஆண்டு ஆய்வின்போது அது பெரிதும் உதவியது.

தினமும் பறக்குமுன் பிஸ்டனை அதே எண்ணெயில் நனைத்த துணியால் துடைக்கச் சொன்னார் பெரியவர். உலர்ந்த துணி மண்ணைத் தேய்த்துக் கீறலாக்கிவிடுமாம். இப்போது எங்கள் காலை ஆய்வில் அதுவும் ஒரு வேலை. ஸ்ட்ரட் தாழவில்லை; பிஸ்டனில் எண்ணெய்க் கோடும் இல்லை.

கட்டணம் அதிகம்தான், ஆனால் வேலைக்குத் தகும். குறை ஒன்று உண்டு: குரோம் வேலைக்கு வெளியே அனுப்பியபின் தாமதமானதை அவர்களாகச் சொல்லவே இல்லை, நாம்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அதனால் பறக்கும் பருவம் தொடங்குமுன், குளிர்காலத்திலேயே அனுப்பிவிடுங்கள். கழற்றிய சீல்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மறுக்காமல் தருவார்கள்.